செவுள்

புத்தகத்தில் பங்கொன்று முப்பத்தொரு ரூபாய்.
சந்தையில் பத்தொன்பது.

கல்முனைக் கடற்கரை வாடியில்
மீன்கணக்கு எழுதி முடித்த கையோடு
ஓட்டுக் கம்பெனியின் ஆண்டறிக்கையை விரிக்கிறேன்.
நூற்று நாற்பது பக்கம்.
தலைவர் சிரிக்கும் படம் மட்டும் மூன்று;
ஒன்றில், பல்லின் மேல், கீரிமீன் செதில் ஒட்டிவிட்டது.

"அரைவாசி விலை, அள்ளுங்க" என்கிறான்
கொழும்பிலிருந்து தரகன் நிஷாம்.

விடியலில் கிலோ அறுநூறு,
பத்து மணிக்கு முந்நூற்றைம்பது.
இறங்கின விலையெல்லாம் மலிவில்லை என்று
ஐஸ் உருகும் இந்த வாடியில்
எவருக்கும் சொல்லத் தேவையில்லை.
ஹோட்டலுக்கு வாங்க வரும் சுலைஹா
விலை கேட்கமாட்டாள் முதலில்;
செவுளைத் தூக்குவாள்.

தூக்கினேன்.
ஓடு விற்ற வரவு, ஆறு வருடமாய் ஒழுங்கு.
வங்கிக் கடன், தாங்கும்.
குறிப்பு இருபத்தேழு, பொடி எழுத்தில்:
தலைவரின் மச்சானுக்கு வட்டியில்லாமல் எட்டுக் கோடி.
திருப்பும் தேதி இல்லை.

நாறவில்லை.
சிவப்பாயும் இல்லை.

வராத காசென்றே கழித்தேன்.
ஒரு கோடிப் பங்கு;
முப்பத்தொன்று இருபத்துமூன்றானது.
இனி, நான் பிழைவிட்டிருந்தால் அதற்கும்
கொஞ்சம் இடம் வேண்டுமே,
மூன்றிலொன்று.
பதினைந்து என்று பென்சிலால் எழுதி வட்டமிட்டேன்.

"பதினைந்துக்கு இறங்காது" என்று சிரிக்கிறான் நிஷாம்.
இறங்காமலே போகட்டும்.
சுலைஹாவும் சில நாள் வெறும் கூடையோடு போவாள்.
அன்றைக்கு ஹோட்டலில்
பருப்பு.