மாதிரிப் பொதி

ஆலையில் என் வேலை
அரிசியின் வெள்ளையை அளப்பது.
கருவியின் கிண்ணத்தில் ஒரு பிடி கொட்டி மூடினால்
முப்பத்தெட்டு என்றோ நாற்பத்தொன்று என்றோ
சிவப்பில் ஓர் எண் எரியும்.
எழுதிக் கையெழுத்து வைப்பேன்:
ஏ. எல். மஃபாஸா, தரப் பிரிவு, சம்மாந்துறை.

சிரிக்கும்போது
அதே கை வாய்க்கு முன்னே போய்விடும்.

கணக்குப் பிரிவில் தர்மினி, காரைதீவுக்காரி, கேட்டாள்:
"அரிசிக்குப் பார்க்கிறாய், உன்ட வாய்க்குப் பார்த்தியாகா?"

அன்று பின்னேரமே
பழைய கலண்டர் மட்டையில் பன்னிரண்டு அரிசி ஒட்டினேன்.
ஒன்று, தவிடு போகாத சிவப்பு.
நான்கு, புழுங்கல் நாடு.
எட்டு, சம்பா.
பன்னிரண்டு, மூன்று தரம் தீட்டிய பச்சை;
பார்த்தால் கண் கூசும், தின்றால் ஒன்றுமில்லை.
கண்ணாடி முன் மட்டையை உதட்டோரம் பிடித்தேன்.
நான் நான்கு.

வட்டையில் வரம்பு கட்டிப் பிரிப்பதுபோல
வாயைப் பிரித்தேன்.
மேல் வலது, உமிக்கரி:
கொதிகலனுக்கு அடியில் அள்ளித் துணியில் சலித்தது.
மேல் இடது, தோஹாவிலிருந்து காக்கா அனுப்பிய ஒட்டுத்தாள்,
கத்தரிக்கோலால் பாதியாக்கி.
கீழ் வலது, உப்பும் தேசிக்காயும்.
கீழ் இடது, வெறும் பிரஷ்.

தேசிக்காய்தான் முந்தியது.
மூன்றாம் நாளே ஆறு!
ஐந்தாம் நாள் தயிர் பட்டதும்
காது வரை ஒரு கம்பி இழுத்தது.
மினுக்கம் போய்ச் சுண்ணாம்புச் சுவராய் நின்றது பல்.
எனக்குத் தெரிந்த கதைதான்.
அளவு மீறித் தீட்டினால் வெள்ளை ஏறும்,
நொய் கூடும், நிறையில் நட்டம்.
அந்தத் துண்டை அப்படியே கைவிட்டேன்.

உமிக்கரி மெதுவான ஆள்.
மூன்று கிழமைக்கு ஒரு படி.
தேத்தண்ணிக் கறை போனது, மஞ்சள் அசையவில்லை.
வாசலைக் கூட்டியது, வீட்டுக்குள் வரவில்லை.
பேசின் கறுத்ததற்கு உம்மாவிடம் ஏச்சு.

ஒட்டுத்தாளை வழுக்கி
இரண்டு தரம் விழுங்கப் பார்த்தேன்.
பதினான்காம் நாள் நடுவில் எட்டு,
இடுக்கில் நான்கு,
சரியாக அவியாத நெல்போல.

ஒளிச் சிகிச்சை என் வாயில் இல்லை, தர்மினியின் வாயில்.
கலியாணத்துக்கு முதல் கிழமை, கல்முனையில்,
ஒரு மணித்தியாலம்,
என் சம்பளத்தில் பாதிக்கு மேல்.
வந்து நின்றாள்: பதினொன்று!
மணவறையில் லிப்ஸ்டிக் சரிபார்க்கிற சாட்டில் மட்டையை நீட்டினேன்,
பத்து.
நாற்பதாம் நாள் எட்டரை.
"சொல்லிப்போடாதகா, மறுகா அவர் காசைக் கேப்பார்."
எட்டரைக்கு அரிசி இல்லை.
பென்சிலால் ஒரு கோடு போட்டேன்.

பல் வைத்தியர் மட்டையைப் பார்த்துச் சிரிக்கவில்லை.
லாச்சியைத் திறந்து
பதினாறு பீங்கான் பல் கோத்த விசிறியை எடுத்துப்
பக்கத்தில் வைத்தார்.
ஒப்பிட்டோம்.
என் ஏழும் எட்டும் இடம் மாறி இருந்தன.
பிறகு அச்செடுத்து, மெல்லிய உறை செய்து,
இரவில் போட ஜெல் தந்தார். வீரியம் குறைந்தது.
பதினெட்டு இரவு.
ஒன்பது.
மூன்று மாதம் கழித்தும் ஒன்பது.
முடிவு கேட்டால் இதுதான் முடிவு.

ஆனால் முன்பல்லில் ஒரு பழுப்புத் திட்டு,
சுற்றிலும் வெளுக்க வெளுக்க அது தடித்துத் தெரிந்தது.
"சின்னதில எங்க இருந்தீங்க?"
இறக்காமம்.
"குழாய்க் கிணறா?"
ஓம்.
பல் முளைக்கும் முன்னமே
அந்தத் தண்ணீர் உள்ளே எழுதிவிட்டதாம்.
ஜெல்லுக்கு அழியாதாம்.
சுரண்டிப் பூசலாமாம்.
யோசிக்கிறேன் என்றேன்.

ஆலையில் ஒவ்வொரு தொகுதியிலும்
ஒரு பிடி எடுத்துப் பொதி கட்டி, இலக்கமிட்டு,
ஆறு மாதம் அலுமாரியில் வைப்போம்.
யாரும் முறைப்பாட்டோடு வந்தால்
இதுதான் எங்களிடம் இருந்தது என்று காட்ட.

கீழ் இடது பக்கத்துக்கு
உறையில் நான் ஜெல் விடவேயில்லை.
வைத்தியருக்கு இன்னும் சொல்லவில்லை.