கழுதைக்குட்டி

எங்கள் குழுவுக்கு நெகேமியா வைத்த பெயர் அது.
சபைக் கமிட்டியில் பொருளாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுக் கேட்டார்,
வேற பேரே கிடைக்கலையா தம்பி?
எருசலேமுக்குள்ள ஆண்டவர் குதிரையிலயா போனார் ஐயா
என்றான் இவன்.
நான் தலை நிமிராமல் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேர், இரண்டு கிட்டார்.
அவனுடையதில் பன்னிரண்டு கம்பி.
ஒன்று எப்போதும் அறுந்தே இருக்கும்.
யூதாஸ் என்று கூப்பிடுவான் அதை,
மாற்றக் காசு இருக்கும்போதும் மாற்றமாட்டான்.

லிங்கராஜபுரத்தில் ஒரு கார் ஷெட்டில் பயிற்சி.
ரயில் போகும்போது நிறுத்திக்கொள்வோம்,
பிறகு அதே சொல்லிலிருந்து.
ஓசூர் வாலிபர் முகாமில் காணிக்கைக் கவர்,
பிரித்தால் நானூற்றுப் பத்து ரூபாயும் ஒரு மிட்டாய்த் தாளும்.
கோலார் தங்கவயலில் சால்வையோடு சுவர்க்கடிகாரம்.
திரும்பும் பேருந்தில்
என் மடியில் அது வேறொரு தாளத்தில் அடித்துக்கொண்டே வந்தது.
போன ஊரிலெல்லாம் யாராவது ஒரு போதகரம்மா
தேநீர் ஆறும்வரை பொறுத்திருந்து கேட்பார்,
நீங்க ரெண்டு பேரும்...?
இல்லை என்போம், ஒரே சமயத்தில்.
அதுவே சந்தேகத்தைக் கூட்டும்.

புதன்கிழமைகளில் இந்திராநகர் பார் ஒன்றில் இடம் கிடைத்தது.
முதல் வாரம் முடிந்ததும் மேலாளர் வந்தார்.
ஹாடு சூப்பர். ஆ ஹெசரு மாத்ர பேடா.
பாட்டு இருக்கட்டும், அந்தப் பேர் வேண்டாம்.

இயேசு வரும் இடமெல்லாம் நீ போட்டோம்.
மூன்றெழுத்து நின்ற இடத்தில் ஓரெழுத்து.
இழுத்து நிரப்ப வேண்டியிருந்தது.
நீ... என்று நான் நீட்ட
அவன் கீழ்ச்சுரத்தில் வந்து தாங்கினான்.
ஐடி கார்டு கழற்றாத ஒரு பெண்
பீர் கிளாஸை வைத்துவிட்டு அழுதாள்.
நெகேமியா என்னைப் பார்த்துப் பாடினான், நான் அவனை.
யாரைப் பாடுகிறோம் என்று
ஒரு வரி நேரம் எனக்குத் தெரியவில்லை.
இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் கல்யாணத்துக்கு அழைத்தாள்.
மாலை மாற்றும்போது அதே பாட்டு.
பன்னிரண்டாயிரம். எங்கள் வாழ்நாள் உச்சம்.
இவன் சாப்பிடவில்லை.
ஸ்கூட்டரில் வரும்போது பின்னாலிருந்து கேட்டான்,
மறுதலிச்சிட்டமா ஹெப்சி?
சேவல் கூவலையே என்றேன்.
டேனரி ரோட்டில் அந்நேரம்
கறிக்கோழிக் கூண்டுகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.
ஏதோ ஒன்று கத்தியது.
சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இப்போது ஹென்னூர்ப் பக்கம் பெரிய சபையில் இருக்கிறான்.
மாதச் சம்பளம், மகளுக்குப் பள்ளிக்கூடம்.
ஒரு ஞாயிறு போயிருந்தேன்.
புகை, திரை, காதுக்குள் தாளம் எண்ணும் கருவி,
மேடையின் மூன்றாம் வரிசையில் கண்மூடி வாசித்தான்.
நன்றாகத்தான் வாசித்தான்.
பன்னிரண்டு கம்பியும் இருந்தது.
எண்ணிப் பார்த்தேன்.

ஐந்நூறு குறுந்தகடு போட்டோம் ஒரு காலத்தில்,
தகடு கேட்கும் பெட்டிகளை எல்லோரும் பரணில் ஏற்றிய வருடமாகப் பார்த்து.
முந்நூற்றுப் பதினொன்று என் கட்டிலுக்கடியில் இருக்கிறது.
நேற்று மேல்வீட்டு விமலாக்கா வந்தார்.
பால்கனி முழுக்கப் புறா எச்சம்மா,
பளபளன்னு ஏதாச்சும் தொங்கவிட்டா வராதாம்,
பழைய சிடி இருக்கா?
நாலு கொடுத்தேன்.

தட்டின் மேல் நாங்கள் அச்சடித்திருந்தது ஒரு புறா.
பரிசுத்த ஆவி.
வரைந்த பையனுக்கு இன்னும் இருநூறு ரூபாய் பாக்கி.

இன்று காலை தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன்.
சணலில் நாலும் சுழல்கின்றன.
நாலாம் பாட்டில் அந்தப் பேர் அப்படியே இருக்கிறது,
ஸ்டூடியோவில் யாரும் எடுக்கச் சொல்லவில்லை.
வெயில் பட்டு எதிர்ச்சுவரில் வட்டங்கள் ஓடின.
கம்பியில் சாம்பல் நிறத்தில் ஒன்று உட்கார்ந்து
கழுத்தைச் சாய்த்துத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

போகமாட்டேங்குதே என்றார் விமலாக்கா மேலிருந்து.
இன்னும் நாலு தரவா என்று கேட்டேன்.