வத்தத்தில் வந்தவர்கள்

ஆணையத்தின் வண்டிகள் பதினொன்றரைக்கு வந்தன.
நேரம் குறித்தது தாசில்தார் அலுவலகம்.
கடலைக் கேட்டுத்தான் குறித்திருப்பார்கள் போலும்,
ஓடை வற்றிக் கிடந்தது.
சேற்றில் நண்டு வளைகள், ஒற்றை ரப்பர் செருப்பு,
கொக்கு நடந்த தடம்.
மனுவில் இருந்த தண்ணீர் மட்டும் இல்லை.

நான் சுருக்கெழுத்தன்.
எவர் பேசினாலும் கோடாக்குவது என் வேலை.
முதலில் பேசியது வரைபடம்.
ஜீப்பின் முன்மூடியில் அதை விரித்து
பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் சிப்பி வைத்து
சர்வேயர் காட்டினார்:
"இந்தப் புள்ளிக்கோடுதான் அம்மா, சுடுகாட்டுப் பாதை.
பாதை இருக்கிறது."

இருந்தது.
அதன்மேல் இறால் பண்ணையின் கரை இருந்தது,
கரைமேல் கம்பிவேலி.
வேலிக்குள் சக்கரங்கள் சுற்றிச் சுற்றி
இறாலுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தன.

"மாற்றுவழி ஓடை.
நடந்து பார்த்தோம், கணுக்கால்கூட நனையவில்லை"
என்றார் தாசில்தார்.
சுருக்கெழுத்தில் அது மூன்றே வளைவு.

மனுதாரர் இருளாயி, கணவர் சாத்தையா (இறப்பு),
கீழக்குடியிருப்பு.
அவள் பேசியதற்கு வளைவுகள் போதவில்லை:

"கார்த்திகையில செத்தாரு.
வாடை தள்ளி ஓதம் ஏறிக் கெடந்துச்சு.
நாலு பேரு தூக்குனாக. மூணு பேரு நெட்டை,
எங் கொழுந்தன் குட்டை.
நெஞ்சுத் தண்ணியில அவன் பக்கமாப் பாடை சாஞ்சு
தலைமாட்டுப் பூவெல்லாம் மெதந்து போச்சு.
பண்ணைக்காரக கரையில நின்னு டார்ச் அடிச்சாக.
பொய் சொல்லக் கூடாது, வெளிச்சம் காட்டுனாக.
கரையத்தான் விடல."

"இதற்குச் சாட்சி?"
"அஞ்சு மணிக்கு வரும்."
"யாரு?"
"தண்ணி."

நாலு மணிக்குத் திருவாடானையில் அடுத்த விசாரணை.
ஓட்டுநர் சாவியைத் திருகக் கைவைத்தார்.
உறுப்பினர் அம்மா கைக்கடிகாரத்தைக் கழற்றிப்
பைக்குள் போட்டார்.
"உட்கார ஏதாவது கொண்டு வாங்க."

அங்கன்வாடியிலிருந்து வந்தன நாற்காலிகள்,
சிவப்பும் மஞ்சளுமாய், மூன்று வயதுக்கானவை.
முழங்கால் மோவாயில் இடிக்க
மாவட்ட நிர்வாகம் உடைமர நிழலில் குந்தியிருந்தது.
நிழல் நகர நகர நாற்காலிகளும் நகர்ந்தன.
தாசில்தாரின் போனுக்கு
இலங்கை வரவேற்புச் செய்தி அனுப்பியது.
அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

முதலில் நண்டு வளைகளில் குமிழி.
பிறகு செருப்பு அசைந்து, எழுந்து,
யாரோ மாட்டிக்கொண்டதுபோலக் கிளம்பியது.
இருளாயி ஓடையில் இறங்கி நின்றாள்.
அளவுகோல் எவரும் கொண்டுவந்திருக்கவில்லை,
அதனால் அவளைக் கொண்டே எழுதினேன்:
4.10 கணுக்கால்.
4.45 முழங்கால்.
5.25 இடுப்பு.
"இன்னைக்குக் காத்து இல்ல சார், இம்புட்டுத்தான் ஏறும்"
என்றாள்,
எடை குறைந்துவிட்ட மீன்காரியின் சங்கடத்தோடு.

உறுப்பினர் செருப்பைக் கழற்றி இறங்கினார்.
பின்னால் நானும், குறிப்பேட்டைத் தலைக்குமேல் பிடித்தபடி.
தாசில்தார் கால்சட்டையை இரண்டு மடிப்பு மடித்தார்,
மூன்றாவது மடிப்பில் நின்றுவிட்டார்.

"ஆக்கிரமிப்பை அகற்றப் பரிந்துரைக்கப்படுகிறது."
இரவு தட்டச்சில் அந்த வரி இப்படித்தான் வரும்.
பரிந்துரை என்பதே எங்கள் ஆணையத்தின் வினைச்சொல்.
அதற்கும் மண்வெட்டிக்கும் இடையே
எத்தனை ஓதம் ஏறி இறங்கும் என்பது
பதினாறு வருடமாக இதைத் தட்டச்சு செய்கிறவனுக்குத் தெரியும்.

வண்டி கிளம்பும்போது கண்ணாடியைத் தட்டினாள் இருளாயி.
ஈரப் புடவையில் உப்பு பூக்கத் தொடங்கியிருந்தது.

"காயிதத்துல ஒரு நகல் எனக்கும் குடுங்க.
லேமினேசன் போட்டுக் குடுத்தாத் தேவல.
எம் மாமியா படுக்கையில கெடக்கு.
அதுக்குள்ள கரைய ஒடைக்கலைன்னா
காயிதத்தையும் பாடையிலதான வச்சுத் தூக்கணும்,
நனைஞ்சிரும்ல."

மனுதாரர் நகல் கோரினார்
என்று எழுதிக்கொண்டேன்.