எட்டரை எம்எம்

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது.
அறுபத்திரண்டு. நூற்றெண்பது.
கோபால்ட் கலந்தது நானூற்றுப் பத்து.
ஒரே நீளம், ஒரே முறுக்கு, மூன்றும் எட்டரை எம்எம்.
மேசையில் வரிசையாய் வைத்தால்
அறுபத்திரண்டு ரூபாய்தான் கண்ணைப் பறிக்கிறது,
நிச்சயதார்த்த மோதிரம் மாதிரி மஞ்சள் பூச்சு.
நூற்றெண்பது காமராஜ் சாலைக் கடை,
பிட்டோடு தினசரிக் காலண்டரும் கிடைக்கும்.

தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில், கடைசி ஷெட்டில்
பர்ச்சேஸ் நான். ஸ்டோர்ஸும் நான்.
நாலு மணிக்கு டீக் கணக்கும் நான்.
கடல் காற்று இதுவரைக்கும் வரும் என்று
சேர்ந்த வருஷத்து முதல் மழையில்தான் தெரிந்தது:
பிரிக்காத டப்பாவுக்குள்ளேயே
இருபது ட்ரில் பிட் துருவேறிக் கிடந்தன.
மொத்தமாய் வாங்கினால் லாபம் என்று
அன்றைக்கு நினைத்திருந்தேன்.

"குறைஞ்சதுக்குப் போடும்மா" என்கிறார் குளோவிஸ் சார்.
"ஓட்டை ஓட்டைதானே."

ஓட்டைதான்.
ஆனால் ஓர் ஓட்டைக்கு எவ்வளவு என்று
யாரும் எனக்குக் கொட்டேஷன் தருவதில்லை.

சில்லறைச் செலவில் ஒவ்வொன்று வாங்கி
இரண்டாம் ஷிஃப்ட் அஞ்சலாட்சியிடம் கொடுத்தேன்.
"அதே பிளேட், அதே வேகம், அதே கூலன்ட்.
முனை மழுங்கும் வரை அப்படியே ஓட்டு.
நடுவில் எதுவும் செய்யாதே."
கடைசி வார்த்தைக்கு ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.
பிறகு சாக்பீஸை எடுத்துக்கொண்டாள்.

சுவரில் ஐந்தைந்தாய்க் கோடுகள்.
மஞ்சள் பூச்சு முப்பத்தோராவதில் கீச்சிட்டு
முறிந்து, பாதி பிளேட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது.
அதை வெளியே எடுக்க முக்கால் மணி நேரம்.
பிளேட் போச்சு, ஆயிரத்து நூறு ரூபாய்.
அது எந்தக் கொட்டேஷனிலும் இல்லை.
காலண்டர்க் கடைக்காரர் நூற்றுப் பத்து வரை போனார்.
கோபால்ட் இருநூற்று அறுபதில்தான் முனகியது,
அதுவும் மறுநாள் ராத்திரி.

கணக்கு இங்கே முடிந்திருக்க வேண்டும்.
முடியவில்லை.
இஷ்யூ ரிஜிஸ்டரைப் புரட்டினால்
போன வருஷம் முழுக்க இதே அறுபத்திரண்டு,
பிட்டுக்குச் சராசரி எண்பது ஓட்டை.
எண்பது எங்கே, முப்பத்தொன்று எங்கே?
மெஷின் அதே. கையும் அதே.

கேட்டேன்.
அவள் பதில் சொல்லாமல் சாணையைப் போட்டாள்.
முறிந்த துண்டை வைத்தாள்: மத்தாப்பு,
வெள்ளையாய், கிளை கிளையாய்.
கோபால்டை வைத்தாள்:
அடங்கிய சிவப்பு, பீடி நுனி அளவுக்கு.
"ரொம்பப் பூ விட்டா சீக்கிரம் தேயும்க்கா.
இருபது ஓட்டைக்கு ஒரு தடவ
நான்தான் முனை போட்டு வச்சுப்பேன்,
சாப்பாட்டு நேரத்துல.
இந்த வாட்டி நீங்கதானே எதுவும் செய்யாதேன்னீங்க."

ஆக,
ஆறு வருஷமாய் அறுபத்திரண்டு ரூபாய் பிட்
அறுபத்திரண்டு ரூபாய் இல்லை.
மீதியை ஒருத்தி
தயிர்சாதத்துக்கு நடுவே கட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பக் கணக்குப் போட்டேன்.
கோபால்டுக்கு ஆறு தடவை முனை போடலாம்,
தடவைக்குப் பதினைந்து ரூபாய் கூலி,
ஓட்டைக்கு நாற்பது காசுகூட வரவில்லை.
மஞ்சள் பூச்சுக்கு இரண்டு ரூபாய், பிளேட் தனி.
சென்னைக்காரரிடம் பேசிப் பேசி
நானூற்றுப் பத்தை முந்நூற்று எழுபத்தைந்தாக்கினேன்,
முப்பது நாள் கடன்.
ஐந்து போதும். எண்ணெய்த் துணியில் சுற்றி வைப்பேன்.
தீர்ந்தால் அடுத்த ஐந்து.

குளோவிஸ் சார் ஷீட்டை மேலிருந்து படித்து வந்தார்.
கடைசி வரியில் பேனா நின்றது.
"சாணை, தடவைக்குப் பதினைந்து, அஞ்சலாட்சி.
நம்ம அஞ்சலாட்சியா?
அவ எப்பம்மா வெண்டர் ஆனா?"

"ஆறு வருஷம் ஆச்சு சார்.
பில்தான் இப்ப வருது."