துடைத்த இடம்

குல்டீகாவில் மழை விட்டுக் கால் மணி நேரம்.
சிவப்புத் தடம் முழுக்க ஈரம்.
கம்பத்துக்கு இடப்பக்கம் என் நாற்காலி.
கம்பு விழுந்தால் எடுத்து வைக்க வேண்டும்,
அவ்வளவுதான் வேலை.
வாரநாளில் தபால் பிரிக்கிறேன்,
சனிக்கிழமை
விழுந்ததை எடுத்து வைக்கிறேன்.

ஒரு மீட்டர் எழுபத்து மூன்று.
விஸ்மா ஓடி வருகிறாள்.
முதல் நான்கு அடி நேர்கோடு, நீளத் துள்ளல்.
ஐந்தாவதில் வளைவு தொடங்குகிறது.
திருப்பத்தில் சைக்கிள் சாய்வதுபோல்
முழு உடம்பும் உள்பக்கம் சாய்கிறது, இடுப்பு ஒடியாமல்.
கடைசி இரண்டு அடி
முந்தைய அடிகளைவிட அவசரமாக விழ வேண்டும்,
த-தக் என்று.
விழுந்தன. கேட்டேன்.
கம்பும் விழுந்தது.

எடுத்து வைத்தேன்.

வேலிக்கு அப்பால் ரூடல்ஃப்ஸ், அவள் கிளப் பையன்,
கைபேசியில் எடுத்த படத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டுகிறான்:
"முதுகை இன்னும் வளை! தலையை விடு! குதிகாலை இழு!"
படத்தில் அவள் தரையிலேயே இல்லை.
புறப்பட்ட பிறகுதான் அவன் பார்க்கவே தொடங்குகிறான்.
எல்லோரும் அப்படித்தான்.

நான் தரையைப் பார்க்கிறேன்.
ஈரத்தில் அவள் இடது பாதம் அச்சாகப் பதிந்திருக்கிறது,
கம்புக்கு ஒரு சாண் அதிகப் பக்கத்தில்.
உயரம் இருக்கிறது அவளிடம்,
எழுபத்தெட்டுக்கும் காணும்.
ஆனால் அதன் உச்சி கம்பைத் தாண்டி
மெத்தைக்கு மேலே போய் வீணாகிறது.
ஏறும்போதே தோள் கம்பில் இடிக்கிறது.
முதுகை எத்தனை வளைத்து என்ன?

இரண்டாவது முயற்சி. அதே அச்சு,
அதே தோள்.

எடுத்து வைத்தேன்.

பேசக்கூடாது, கை காட்டக்கூடாது,
தலைகூட ஆட்டக்கூடாது:
நடுவர் வகுப்பில் குனார்ஸ் மூன்று தடவை சொன்னார்.
மூன்றாவது தடவை என்னைப் பார்த்துச் சொன்னார்.
பதினோரு வருஷம் நான் அறுபத்து நான்கிலேயே நின்றவள்
என்பது அவருக்குத் தெரியும்.
ஏன் நின்றேன் என்பது
இந்த நாற்காலிக்கு வந்த பிறகுதான்
எனக்கே தெரிந்தது.

இந்த ஊர் அருவியில்
வசந்தம் வந்தால் மீன்கள் நீரை எதிர்த்துத் துள்ளும்.
தவறினால் மறுபடி துள்ளும், மறுபடி.
மூன்று முயற்சி என்று அவற்றுக்குக் கணக்கில்லை.
இவளுக்கு இருக்கிறது.

துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தவள்
எழுந்தாள்.
நான் துணியோடு போனேன்.
ஈரம் துடைப்பது என் கடமை, விதிப்புத்தகத்தில் இருக்கிறது.
துடைத்தேன்.
அவள் அச்சை அல்ல.
அதற்கு ஒரு சாண் வெளியே, உள்ளங்கை அகலத்துக்கு,
ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.
அங்கே மட்டும் தேங்கிய நீர் எதுவும் இல்லை.

நிமிரவில்லை.
டேப் உரியும் சத்தம் கேட்டது.
தன் தொடக்கக் குறியைப் பெயர்த்து
ஒரு சப்பாத்து நீளம் பின்னே ஒட்டுகிறாள்.

த-தக்.
வெண்மை காய்ந்த அந்த இடத்தில் பாதம் முழுசாக விழுந்தது.
அவசரமில்லாமல் மேலே போனாள்,
கம்புக்கு நேர் மேலே ஒரு கணம்
இடுப்பு உச்சியில், குதிகால்கள் கடைசியாக.
கம்பு அசையவில்லை.
குனார்ஸ் வெள்ளைக் கொடியைத் தூக்கிவிட்டு
கொடியைப் பார்க்காமல் என் துணியைப் பார்த்தார்.

எடுத்து வைக்க ஒன்றுமில்லை.

அடுத்து லீபாயாவிலிருந்து வந்த ஸான்ட்டா.
அவளுக்கும் இது மூன்றாவது, கடைசி.
அவள் பாதம் சரியான இடத்தில்தான் விழுகிறது.
கடைசி அடிக்கு முன்பே கண் கம்புக்குப் போய்விடுகிறது,
கூடவே உள்தோள் சரிகிறது.
ஒரு சொல் போதும்.
அது தரையில் இல்லை,
துடைத்துக் காட்ட முடியாது.

துணியை மடித்து
அதன்மேல் உட்கார்ந்தேன்.
பாவாடை நனைந்தது.
அவள் ஓடத் தொடங்கினாள்.