கடல் மாதிரி

தாழ்நிலக் காடொன்றில், நெதர்லாந்தில்,
பீச் மரங்களுக்கு நடுவே
எங்களிடம் ஒரு துறைமுகம் இருந்தது.
நீள அகலம் முந்நூற்றில் ஒன்று.
ஆழம் மட்டும் நூற்றில் ஒன்று.
அதையும் அதே கணக்கில் குறைத்திருந்தால்
தண்ணீர் தண்ணீராக நடந்துகொள்ளாது,
மேசையில் சிந்திய காபியாய்
ஒட்டிக்கொண்டு நிற்கும்.
எனவே கடல் மாதிரி இருக்கவேண்டி
மும்மடங்கு பொய்யாகத் தோண்டினோம்.

இருபத்தைந்து நிமிடத்துக்கு ஓர் ஓதம்.
நான் ரொட்டியும் பாலாடைக்கட்டியும்
தின்று முடிப்பதற்குள்
அங்கே ஓர் இரவு கழிந்துவிடும்.

நான்கு ஆண்டுகள்
நாங்கள் சொன்ன இடத்தில்தான் மணல் சேர்ந்தது,
அசல் துறைமுகத்தில்.
தந்தி வரும்.
ஹில்லெபிராண்ட் அதைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவான்.
சமன்பாடு மெய் என்பான்.
மறுக்க எனக்கும் காரணமில்லை.

அமைச்சகத்து ஆள் வருகிறார் என்று
ஏப்ரலில் நான்தான் கழுவினேன்
சிமெண்டுத் தரையை, கம்பித் தூரிகையால்.
பாசி, வாளி வாளியாக.
மறுநாள் ஓதம் முந்திக்கொண்டு வந்தது.
மணலுக்குப் பதில் நாங்கள் தூவும் பேக்கலைட் பொடி
எதிர்க்கரையில் போய் ஒதுங்கியது.
ரென்ஸ்கே கணக்கை மூன்று முறை போட்டாள்.
பிழை கிடைக்கவில்லை.
அன்றிரவு யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

பாதி உராய்வு பாசியுடையது.
எந்தத் தாளிலும் எழுதாத,
குறியீடு இல்லாத,
நிழலில் தானாய் முளைத்த பாசி.
அப்படியானால் நான்கு ஆண்டுகளாகத்
தந்தியில் மெய்யானது எது?

சரளை ஒட்டுங்கள் என்றான் ஹில்லெபிராண்ட்.
அசலில் அப்படியொரு சரளை கிடையாது.
எண்கள் பொருந்தும்வரை ஒட்டினோம்,
விரல் நுனியெல்லாம் பசை.
"பொருந்துகிறதே, வேறென்ன வேண்டும் உனக்கு?"
ரென்ஸ்கே வாய் திறக்கவில்லை;
வரைபடத்தில் அதற்கொரு கிரேக்க எழுத்தைப் போட்டாள்.
எழுத்து வந்த பிறகு
சரளை எப்போதும் அங்கிருந்தது போலவே ஆகிவிட்டது.
வந்த ஆள் அதைத் தொட்டுப் பார்த்துத்
தலையசைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் மழை.
மழையைச் சுருக்க எங்களிடம் வழியில்லை.
எங்கள் அளவில் ஒவ்வொரு துளியும்
ஒரு பீப்பாய் பருமன்.
போன ஆண்டின் பீச் இலையொன்று
இப்போதுதான் கிளையை விட்டு விழுந்து
இருபது மீட்டர் நீளத்துக்கு
முகத்துவாரத்தில் குறுக்காகக் கிடந்தது.
இடுக்கியோடு குனிந்தேன்.
இதைப் பதிவேட்டில் எழுதுவதா,
எடுத்து எறிவதா?

குனிந்தபடியே இருந்தேன்.
இலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று தண்ணீர்,
எதைவிடவும் சிறியதாக இல்லாமல்.