பின்படிக்கட்டிலிருந்து எண்ணியது

முதல் வருஷம் செத்தவை:
ஓசூர் நர்சரியிலிருந்து வந்த எட்டு ரோஜாவில் ஏழு,
கொரியப் புல் நாலு சதுரம்,
பேர் தெரியாத ஊதாப்பூ ஒன்று.
அது வாங்கிய அன்றே ஒரு மாதிரிதான் நின்றது.
தொள்ளாயிரம் அடிக்குப் போட்ட போர்
புழுதி கக்கியதோடு சரி.
குழாயில் எட்டு நாளைக்கொரு முறை,
அதுவும் என் டியூட்டி நாளாகப் பார்த்து வரும்.

தர்மபுரி, ஒகேனக்கல். ஒரு நாளைக்கு நாலு நடை.
போகும்போது காய்ந்த தலைகள்.
வரும்போது எண்ணெய், ஈரத்துண்டு, வறுத்த மீன் வாசனை.
ஆற்றிலிருந்து திரும்பும் பஸ்ஸின் தரை
சொட்டிச் சொட்டி நனைந்திருக்கும்.
இண்டூரில் இறங்கி வீட்டுக்குப் போனால்
மாதேஸ்வரி அரிசி களைந்த தண்ணீரோடு
எந்தத் தொட்டிக்கு என்று தெரியாமல் நின்றிருப்பாள்.

செடியை நர்சரியில் தேடியது தப்பு.
மே மாதத்தில் தேடியிருக்க வேண்டும்.

அக்கினி நட்சத்திரம், பதினோராம் நாள்.
டயர் சூடு இறங்கட்டும் என்று
சென்றாயன் வண்டியை ஓரங்கட்டினான்.
விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு
பின்படிக்கட்டில் நின்று எண்ணினேன்,
ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் தலை எண்ணுகிற மாதிரி.
இன்னும் பச்சையாக இருப்பது யார் யார்?

உசிலை. இலை பொடிசு, நிழலும் பொடிசு,
ஆனால் நிழல்.
விராலி, குளித்துத் திரும்பும் கூட்டம் போல
எண்ணெய்ப் பளபளப்போடு.
கிளுவை வேலியில் ஓர் இலை இல்லை.
இறங்கிப் போய் நகத்தால் கீறினேன்,
தோலுக்கடியில் பச்சை.
எருக்கு, யாரையும் கேட்காமல்.
தார் உருகும் விளிம்பில், ஜல்லிக்குள் கால் வைத்து,
ஆவாரை. பூவோடு.

சீமைக்கருவேலமும் பச்சைதான்.
பக்கத்தில் எவரையும் உட்கார விடாத ஆளுக்கு
என் மூணு சென்ட்டில் சீட் கிடையாது.

மிஷின் கக்கிய டிக்கெட்டின் பின்பக்கம்
எழுதிக்கொண்டு வந்து காட்டினேன்.
"காசு கொடுக்காமல் கிடைப்பதற்கு
பூச்செடி என்று பேரா?" என்றாள்.
நியாயமான கேள்வி.

ஆடியில் ஒரே ஒரு மழை.
கிளுவைப் போத்தும் நொச்சிக் குச்சியும் வேலியோரம்.
காசுப் பையில் சில்லறையோடு குலுங்கி வந்த
ஆவாரை விதையை மணலில் தேய்த்து,
ஓர் இரவு வெந்நீரில் போட்டு,
வாசலுக்கு வலப்பக்கம் நல்ல மண் கொட்டி,
செம்மண் பாத்தி கட்டி ஊன்றினேன்.
பையை வெளியே உதறிவிட்டு டியூட்டிக்குப் போனேன்.

முளைத்தது. ஒரு சாண் வந்தது.
நான் நாலு நடையும் ஓடி முடிப்பதற்குள்
இவள் நாலு சொம்பு ஊற்றியிருக்கிறாள்.
"பாவம், தொண்டை காயாதா?"
ஐப்பசியில் அடித்தண்டு கறுத்துச் சாய்ந்தது.
தாகத்தைத் தாங்குகிறது தயவைத் தாங்கவில்லை.
இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை,
குற்றம் என்னுடையது மாதிரி.
ஒரு வகையில் என்னுடையதுதான்.
எதை ஊன்றுவது என்று சொன்னேனே தவிர
எப்போது சும்மா இருப்பது என்று சொல்லவில்லை.

பங்குனியில், மதிலுக்கு வெளியே,
கட்டுமானத்தில் மிஞ்சிய ஜல்லிக் குவியலில்
முழங்கால் உயரத்துக்கு ஒரு ஆவாரை.
பை உதறிய இடம்.
இரண்டு பூ, மூன்று மொட்டு, ஒரு எறும்பு.
டிக்கெட் எடுக்காமல் ஏறிய ஆள்.
இருபது வருஷ சர்வீஸில்
இறக்கிவிட மனசு வராத முதல் ஆள்.

"உள்ளே எடுத்து நடலாமா?"
"வேண்டாம். வேர் கோபித்துக்கொள்ளும்."
"அப்போது அது நம்ம செடியா, ரோட்டுச் செடியா?"
எனக்குத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் மாலையில்
சொம்போடு மதிலைச் சுற்றிப் போகிறாள்.
கொஞ்ச நேரம் நிற்கிறாள்.
ஊற்றாமல் திரும்பி வருகிறாள்.
அந்தத் தண்ணீர் எட்டாவது ரோஜாவுக்கு.
அதைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.